குளித்துவிட்டால் எல்லாம் போய்விடுமா?

பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கும் பாலியல் வன்முறை பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு மாணவர் ஆலோசகர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (விடுதி மாணவி): நேற்று இரவு தனக்கு நடந்ததை அறைத்தோழி விடியற்காலையில்தான் சொன்னாள். சொன்ன கையோடு குளிக்கப் போய்விட்டாள். நான் தடுத்திருக்க வேண்டுமா?

பதில்: குளித்துவிட்டதாலேயே எல்லாத் தடயமும் அழிந்துவிடாது. உடுத்தியிருந்த துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கித் தடயத்தைக் கெடுத்துவிடும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 5 நாள் வரை அவகாசம் உண்டு என்றாலும், மாத்திரையைப் பொறுத்தவரை ஒவ்வொரு நாள் தாமதமும் பலனைக் குறைக்கும். புகார் கொடுப்பதா என்று யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம், மருத்துவம் காத்திருக்காது. இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு, "போகலாமா?" என்று கேளுங்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நேற்று இரவு அவள் விருப்பத்தை ஒருவன் மதிக்கவில்லை. இன்று காலை நீங்களாவது மதியுங்கள்.

கேள்வி (அதே மாணவி): அவளிடம் என்ன பேசுவது?

பதில்: "உன்னை நம்புகிறேன். உன்மேல் தவறில்லை." இது போதும். "ஏன்" என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் வேண்டாம். அவள் சொல்லாமல் வேறு யாருக்கும் விஷயம் போகக் கூடாது, நெருங்கிய தோழிகளுக்கும்கூட.

கேள்வி (பேராசிரியர், விசாரணைக் குழு உறுப்பினர்): தான் கத்தவோ தள்ளவோ இல்லை என்று மாணவியே ஒப்புக்கொள்கிறார். நிகழ்ச்சிகளின் வரிசையும் மாறி மாறி வருகிறது. எப்படி நம்புவது?

பதில்: முதலில் "ஒப்புக்கொள்கிறார்" என்ற சொல்லைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் ஐயா. குற்றம் செய்தவர்தான் ஒப்புக்கொள்வார். இவர் நடந்ததைச் சொல்கிறார். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதத்தினர், தாக்குதலின்போது கைகால் அசைக்க முடியாத அளவுக்கு உடல் உறைந்துபோனதாகக் கூறினார்கள். அச்சத்தில் உடல் தானாகச் செய்வது அது. சம்மதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நினைவும் அப்படித்தான்: சுவரின் நிறம் துல்லியமாக இருக்கும், எது முதலில் நடந்தது என்பது குழம்பும். "அடுத்து என்ன?" என்று குடையாமல், "நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். இதனால் மட்டும் புகார் நிரூபணமாகிவிடாது. எதிர்தரப்பையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் உறைந்துபோனதைப் பொய்யின் அடையாளமாக எழுதாதீர்கள்.

கேள்வி (மூன்றாமாண்டு மாணவர்): போதையில் நிற்கவே முடியாத ஒரு பெண்ணை சீனியர் ஒருவர் அறைக்கு அழைத்துப் போகப் பார்த்தார். தலையிட்டால் அடிதடிதான் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பதில்: அடிதடி எதற்கு? "உங்களைக் கீழே கூப்பிடுகிறார்கள்" என்று அவரை நகர்த்தலாம். அதற்குள் அந்தப் பெண்ணின் தோழிகளை அழைத்துவிடலாம். தனியாகச் செய்யத் தயக்கமென்றால் இரண்டு பேராகப் போங்கள். அந்த நிலையில் இருப்பவரால் சம்மதம் சொல்லவே முடியாது.

கேள்வி (விடுதிக் காப்பாளர்): கேமரா வைத்தாயிற்று, மாணவியர் விடுதியை இரவு 8 மணிக்கே பூட்டுகிறோம். இன்னும் என்ன?

பதில்: பூட்டு யாருக்கு எதிராக? பெரும்பாலும் தாக்குபவர் தெரிந்தவர்தான்: வகுப்புத் தோழர், காதலர், வழிகாட்டி. கனடாவில் 3 பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளுக்கு, தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காணவும், தயக்கத்தை உதறி எதிர்க்கவும் 12 மணி நேரப் பயிற்சி அளித்தார்கள். 2015-இல் வெளியான முடிவுப்படி, ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம்; பயிற்சி பெற்றவர்களில் 5.2. பெண்களுக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டு ஆண்கள் விடுதியை அப்படியே விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் அப்போது என் காதலர். இப்போது சொன்னால் யாராவது கேட்பார்களா?

பதில்: கேட்பேன். காதலர் என்பதால் சம்மதம் இருந்ததாக ஆகிவிடாது. நாள் கடந்ததால் நடந்தது இல்லாமலும் போகாது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டுமென்று தயாராக வராதீர்கள். முதல் நாள் ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர்களும் உண்டு.