எட்டு கோர் இருந்தும் ரீஸ்டோர் ஏன் 9 மணி நேரம்?

கேள்வி: எங்கள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் 120 ஜிபி. பிஜி_டம்ப் (போஸ்ட்கிரஸின் பேக்கப் கருவி) வைத்து ஒரே எஸ்க்யூஎல் கோப்பாக பேக்கப் எடுக்கிறோம். சோதனைக்கு ரீஸ்டோர் செய்தால் 9 மணி நேரம் ஆகிறது. சர்வரில் 8 கோர், 32 ஜிபி ரேம். பெரிய சர்வர் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரீஸ்டோர் ஓடும்போது, எந்த கோர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாப் கமாண்டைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான நேரம் ஒரு கோர் மூச்சு முட்ட ஓடும், மற்றவை சும்மா கிடக்கும். எஸ்க்யூஎல் கோப்பு ஒரே கனெக்‌ஷனில், மேலிருந்து கீழாகத்தான் ஓடும். டேட்டா ஏறிய பிறகு இண்டெக்ஸ்களை (தேடலை வேகமாக்கும் பட்டியல்கள்) ஒவ்வொன்றாகக் கட்டும்; பெரும்பாலும் நேரத்தைத் தின்பது அதுதான்.

அந்தக் கோப்பை ஒருமுறை திறந்தும் பாருங்கள். டேட்டா வரும் இடம் காப்பி என்று தொடங்கினால் சரி, அது மொத்தமாக ஏற்றும் கட்டளை. வரிக்கு வரி இன்சர்ட் இருந்தால், யாரோ பிஜி_டம்பில் இன்சர்ட்ஸ் ஆப்ஷனைப் போட்டிருக்கிறார்கள்; அது மெதுவாகத்தான் ஏறும். முதலில் அதை எடுங்கள்.

அப்புறம், டம்பை டைரக்டரி ஃபார்மட்டுக்கு (டேபிளுக்கு ஒரு கோப்பு) மாற்றி, அதை ஏற்றும் கருவியான பிஜி_ரீஸ்டோரில் ஜாப்ஸ் 8 என்று கொடுங்கள். பல டேபிள்களும் இண்டெக்ஸ்களும் ஒரே நேரத்தில் ஏறும். ஆனால் 120-இல் 100 ஜிபி ஒரே டேபிள் என்றால், அதன் டேட்டாவைப் பிரித்து ஏற்றாது. இண்டெக்ஸ் கட்டும்போதுதான் பலன் தெரியும்.

இண்டெக்ஸ் கட்ட எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்று சொல்லும் மெயின்டனன்ஸ் ஒர்க் மெம் செட்டிங்கை மாற்றாமல் விட்டால் 64 எம்பிதான். 1 ஜிபி வையுங்கள். ஒவ்வொரு ஜாப்பும் தனித்தனியாக எடுக்கும் என்பதால் எட்டுக்கும் 8 ஜிபி வரை போகலாம். ஆசைப்பட்டு 4 ஜிபி வைத்தால் ரேம் காலி. மாற்றங்களைப் பதியும் வால் லாக் எவ்வளவு வளரலாம் என்று சொல்லும் மேக்ஸ் வால் சைஸ், மாற்றாவிட்டால் 1 ஜிபியாக இருக்கும். டிஸ்கில் இடமிருந்தால் 20 ஜிபி ஆக்குங்கள், செக்பாயின்ட் (ரேமில் உள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதும் வேலை) அடிக்கடி குறுக்கிடாது.

வேகத்துக்காக எஃப்சிங்கை (எழுதியது டிஸ்கில் பதிந்ததா என்று உறுதிசெய்யும் செட்டிங்) அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. நடுவில் கரண்ட் போனால் மொத்த கிளஸ்டரும், அதாவது அந்த போஸ்ட்கிரஸில் உள்ள எல்லா டேட்டாபேஸ்களும், கெட்டுப்போகலாம். அதே கிளஸ்டரில் வேறு டேட்டாபேஸ் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முடிந்ததும், குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்க உதவும் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை குவெரிகள் நகராது, ரீஸ்டோரில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்குப் பிறகும் நேரம் போதவில்லை என்றால், டம்போடு பிஜி_பேஸ்பேக்கப் என்ற கருவியாலும் ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள். அதில் இண்டெக்ஸ் கட்டும் வேலையே இல்லை, கோப்புகளை அப்படியே நகலெடுப்பதுதான். ஆனால் முழு கிளஸ்டரும் சேர்ந்தே வரும். போஸ்ட்கிரஸ் 15-இல் எடுத்ததை 16-இல் ஏற்ற முடியாது.