ஜமைக்காவின் உள்ளூர் கால்பந்து லீக் பார்க்கிற அளவுக்கு இருக்குமா?

பொய் சொல்வானேன், நான் மெஸ்ஸிக்காகத்தான் கண் விழித்தேன். 2025 மார்ச் 14 விடியற்காலை. கிங்ஸ்டனில் அப்போது 13ஆம் தேதி இரவு. மெஸ்ஸியின் இன்டர் மியாமிக்கு எதிரே கவலியர் என்று ஒரு ஜமைக்கா கிளப். முந்தைய வருடம் கரீபியன் கோப்பையை ஜெயித்து, வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கிளப்கள் மோதும் கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையில் இந்த ஆட்டம் வரை வந்திருந்தார்கள். இரண்டு டீமும் மோதும் இரண்டு ஆட்டங்களில் முதலாவதில் 2-0 என்று ஏற்கெனவே தோற்றாயிற்று. இதிலும் முதல் பாதியிலேயே சுவாரெஸ் பெனால்டியில் ஒன்று போட்டுவிட்டார். இடைவேளைக்கு அப்புறம் மெஸ்ஸி மைதானத்துக்குள் இறங்கியபோது எழுந்த சத்தத்தைக் கேட்டால், உள்ளூர் டீம் எது என்றே சந்தேகம் வரும். கடைசி நிமிடங்களில் அவரும் ஒரு கோல் போட்டார்.

சரி, யார் இந்தக் கவலியர் என்று தேடிப் போய்த்தான் லீக் பக்கம் ஒதுங்கினேன். 1981இல் சாம்பியன், அதற்கடுத்து 2021இல்தான்!

ஆட்டத்தைவிட என்னைப் பிடித்து வைத்தது கிளப் பெயர்கள். ஆர்னெட் கார்டன்ஸ், டிவோலி கார்டன்ஸ், வாட்டர்ஹவுஸ், ஹார்பர் வியூ எல்லாம் கிங்ஸ்டனின் பேட்டைகள். அதில் டிவோலி தொழிலாளர் கட்சியின் கோட்டை, ஆர்னெட் எதிர்முகாமான மக்கள் தேசியக் கட்சியின் கோட்டை. ஆர்னெட் ஆடும் டிரெஞ்ச்டவுன் மைதானத்துக்கே எழுபதுகளில் அங்கே வீடுகள் கட்டிக்கொடுத்த அமைச்சர் டோனி ஸ்பால்டிங்கின் பெயர். டிவோலியை உருவாக்கிய எட்வர்ட் சியாகா எண்பதுகளில் பிரதமராக இருந்தவர்; பின்னாளில் லீக் கிளப்களின் சங்கத்துக்கும் தலைவரானார். இந்த இரண்டு பேட்டைகளும் மோதினால் அது வெறும் பந்தாட்டமாக இருக்குமா என்ன?

தரம் என்று கேட்டால், சுமார்தான். நீளமாகத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவது அதிகம், சில மைதானங்களில் பந்து எங்கே துள்ளும் என்று தெரியாது. கொஞ்சம் நன்றாக ஆடுகிற பையன் வெளிநாட்டுக்குப் போய்விடுவான். 1998 உலகக் கோப்பை முடிந்த கையோடு ஹார்பர் வியூவின் ரிக்கார்டோ கார்ட்னரை இங்கிலாந்தின் போல்டன் அள்ளிக்கொண்டு போனது ஓர் உதாரணம். போதாததற்குப் பள்ளிக்கூடப் போட்டி வேறு. 1909இல் தொடங்கிய மேனிங் கோப்பைக்கு அங்கே இருக்கும் மவுசு பல லீக் ஆட்டங்களுக்குக் கிடையாது.

ஆனாலும் பாருங்கள் என்பேன். ஆர்னெட் சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே தொல்லை, அங்கே பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. மறுநாள் ஆபீஸில் கண் சொருகும்.