செயற்கை நுண்ணறிவை மனித நலனை மையமாக வைத்து வடிவமைக்க முடியுமா, அல்லது அது வெறும் பேச்சா?

முடியும். ஆனால் எது நலன் என்று யாரிடம் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் கணினி படிக்கும் மாணவர், பாடத்தில் இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பொறியாளர் இல்லை. எம்.எஸ்சி. கணிதம் முடித்து, கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் வீட்டிலிருந்தபடியே சில காலம் தமிழ்ப் பதில்களை மதிப்பிடும் வேலை பார்த்தேன்.

ஒரு கேள்வியும் அதற்கு இயந்திரம் எழுதிய இரண்டு பதில்களும் வரும். எது மேல் என்று குறிக்க வேண்டும். இப்படிப் பலர் குறித்ததை வைத்து, மனிதர்களுக்கு எது பிடிக்கும் என்று ஊகிக்க இன்னொரு செயற்கை நுண்ணறிவு மாதிரியை (மாடல்) பழக்குவார்கள். அது போடும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான், பதில் எழுதும் இயந்திரமான சாட்பாட் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி. (ரகசியத்தை வெளியிடுகிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நிறைய மாற்றித்தான் சொல்கிறேன்.) கணவர் கடலுக்குப் போய் நாலு நாளாகத் தகவல் இல்லை, பயமாக இருக்கிறது, என்ன செய்ய? முதல் பதில் நீளமானது. உங்கள் பயம் புரிகிறது, மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், நல்லதே நடக்கும் என்று போனது. இரண்டாவது ஐந்தே வரி. கடலோரக் காவல்படையை 1554-இல் கூப்பிடுங்கள். படகின் பதிவெண், கிளம்பிய நேரம், கூடப் போனவர்கள் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். நான் இரண்டாவதைக் குறித்தேன். மற்றவர்கள் முதலாவதை. பெரும்பான்மையோடு ஒத்துப்போகவில்லை என்று என் தர மதிப்பெண் இறங்கியது. காரணம் எழுதி அனுப்பினேன். "பரிவு குறைவு" என்று ஒரு வரி பதில் வந்தது.

அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். மாமா தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தார். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் வயர்லெஸ் எட்டாத தூரத்தில். ஒன்பது நாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "ஒண்ணும் ஆகாது" என்றார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறுதல் வேண்டாம் மக்களே, யாருட்டப் போய்க் கேக்கணும்னு சொல்லு" என்றார். எனக்கும் தெரியவில்லை. மாமாவின் படகு லட்சத்தீவில் ஒதுங்கியிருந்தது, போன் வந்தது. அடுத்த தெருவில் இரண்டு வீட்டுக்கு வரவே இல்லை. அங்கேயும் அதே "ஒண்ணும் ஆகாது"தான் சொல்லியிருந்தோம்.

ஆறுதலே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்ட நேரத்தில் இதமாக இருப்பதும் கேட்டவருக்கு உதவுவதும் வேறு வேறு. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. எதற்கெடுத்தாலும் பயனரைப் புகழ்கிறது என்பது புகார்; பயனர்கள் அப்போதைக்குப் போடும் பிடித்தது, பிடிக்கவில்லை குறிகளுக்கு அதிக எடை கொடுத்துவிட்டோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இயந்திரத்துக்கு நாம் கொடுக்கும் நோக்கம் உண்மையிலேயே நாம் விரும்புவதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் எனக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1960-லேயே எழுதினார்.

கரையில் இருப்பவர்களைக் கேட்காமல் முடிவு செய்வது எங்களுக்குப் புதிதும் இல்லை. ஆனி, ஆடியில் கடல் வீட்டுக்குள் வருகிறது. தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) கேட்டு எத்தனையோ மனு கொடுத்தாயிற்று. ஒரு ஊரில் கல்லைப் போடுகிறார்கள், பக்கத்து ஊரில் மணல் போகிறது. எந்த இடத்தில் போட வேண்டும் என்று வலை போடுகிறவனுக்குத் தெரியும், அவனைக் கேட்பதே இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். மாறுபட்டுக் குறித்தவரின் மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு முன் அவர் எழுதிய காரணத்தைப் படிக்க வேண்டும். கடல் சம்பந்தமான கேள்வியைக் கடற்கரைக்காரர் மதிப்பிட வேண்டும். பதிலை வாங்கிப் போனவருக்கு அது உதவியதா என்று ஒரு வாரம் கழித்துக் கேட்க வேண்டும். இதெல்லாம் செலவு பிடிக்கும், ஆனால் முடியாத காரியம் இல்லை.

வேலையை விட்ட பிறகு அந்த இரண்டு பதில்களையும் என் வார்த்தையில் மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். முதலாவது பாதி தாண்டுவதற்குள் "நம்பர் என்ன?" என்றார். 1554 இப்போது அவர் வீட்டுக் காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதியிருக்கிறது.