அகழாய்வும் கதையும் ஒரே ஆளுக்குக் கைகூடுமா?

தொல்லியல் வேலையில் இருந்துகொண்டே நாவலும் கட்டுரை நூல்களும் எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ராக்கால்தாஸ் பானர்ஜியைப் பாருங்கள். 1922இல் சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் தோண்டிய தொல்லியலாளர் அவர்தான். அதற்கு முன்பே வங்காள மொழியில் 'சசாங்கன்', 'தர்மபாலன்' என்று சரித்திர நாவல்கள் எழுதிவிட்டார். வங்காள வரலாறும் எழுதினார், வங்காள எழுத்துமுறை எப்படித் தோன்றியது என்று தனி நூலும் எழுதினார்.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது 'பாஷாணேர் கதா', அதாவது 'கல்லின் கதை'. பார்ஹுத் என்ற ஊரின் பழைய பௌத்த ஸ்தூபியின் கல் ஒன்று தன் கதையைத் தானே சொல்கிறது. பானர்ஜி கொல்கத்தா அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். அந்த ஸ்தூபியின் கல்வேலி அங்கேதான் இருக்கிறது. எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்பதோடு அகழாய்வு அறிக்கை நின்றுவிடும், நிற்கவும் வேண்டும். செதுக்கியவன் என்ன நினைத்திருப்பான் என்பதற்குக் கதைதான் இடம். இரண்டையும் கலக்காத வரை வம்பில்லை.

ஆனால் ஒரு கூத்தைக் கேளுங்கள். பானர்ஜியின் நாவல்கள் சட்டென்று அச்சேறின. மொகஞ்சதாரோ அறிக்கையோ, 1930இல் அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1984இல்தான் நூலாக வந்தது.