டிக் அடித்த வேலை மறுபடி உயிர்த்து வருவது ஏன்?

கேள்வி: லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பாதி நேரம் கட்டடங்களின் அடித்தளத்தில்தான். அங்கே சிக்னல் கிடையாது. வேலைகளை ஒரு டூ-டூ ஆப்பில் எழுதி வைக்கிறேன். போனிலும் வீட்டு டேப்லெட்டிலும் ஆப் இருக்கிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ப்ரௌசரில் பார்ப்பேன். கீழே டிக் அடித்த வேலை, மாலையில் கம்ப்யூட்டரில் முடியாத வேலையாக நிற்கிறது. போன வாரம் கீழே இருந்தபோது எழுதிய இரண்டு வேலைகள் அடியோடு காணோம். நண்பர் சொன்னாரென்று ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்துவிட்டேன். இன்னொருவர், வேறொரு பெரிய ஆப்பின் வாழ்நாள் சந்தாவைப் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த ஆளைப் பற்றி அப்புறம் வருகிறேன், நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் காணாமல் போன அந்த இரண்டு வேலைகள். அவற்றை ஆப் தொலைக்கவில்லை. பெரும்பாலும் நண்பரின் யோசனைதான் தொலைத்திருக்கிறது.

சிக்னல் இல்லாத இடத்தில் நீங்கள் எழுதுவது எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. உங்கள் போனுக்குள்ளேயே, அனுப்ப வேண்டிய கடிதங்களைப் போல ஒரு பையில் கிடக்கிறது. மேலே வந்து, சிக்னல் கிடைத்து, ஆப் அந்தப் பையைச் சர்வருக்கு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு, அனுப்பி முடிக்கும்வரை உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. அந்த நேரத்தில் ஆப்பை அழித்தால் பையும் சேர்ந்து அழிகிறது. லாக் அவுட் செய்தாலும் பல ஆப்களில் இதே கதைதான். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் ஆப்பின் ‘கேஷ்’ என்ற தற்காலிகச் சேமிப்பை அழித்தால் பொதுவாகப் பாதகமில்லை. பக்கத்திலேயே இன்னொரு பொத்தான் இருக்கும், ‘டேட்டா’ அல்லது ‘ஸ்டோரேஜ்’ என்று. அதை அழுத்தினால் பை காலி. இரண்டையும் ஏன்தான் ஒட்டி ஒட்டி வைக்கிறார்களோ.

எனக்கே இது நடந்திருக்கிறது. இரண்டு நாள் நெட்வொர்க் இல்லாத ஒரு பயணம். போனில் நாற்பது வேலைக்குக் குறையாமல் எழுதியிருந்தேன். திரும்பி வந்தபோது சிங்க் ஆகவில்லை, அதாவது எழுதியது மற்ற கருவிகளுக்குப் போய்ச் சேரவில்லை; நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பதிலின் முதல் வரி: ‘லாக் அவுட் செய்து மறுபடி லாக் இன் செய்து பாருங்கள்.’ செய்தேன். நாற்பதும் போச்சு. அடுத்த பதில், அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டது. சிங்க் பிரச்சினை என்று யார் எங்கே போய்க் கேட்டாலும் இந்த ஒரே மருந்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அனுப்பாத மாற்றம் ஏதாவது போனில் இருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அதனால் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: போனில் இருப்பது கம்ப்யூட்டரிலும் வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்காமல் லாக் அவுட் கூடாது, அழித்துப் போடுவது கூடாது. அவசரமென்றால் போன் திரையில் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். படமாவது மிஞ்சும்.

அடுத்து, டிக் அடித்த வேலை உயிர்த்து வருவது. பாதி நேரம் இது வெறும் தாமதம்தான். நீங்கள் மேலே வந்து போனைச் சட்டைப்பைக்குள் போட்டிருப்பீர்கள், ஆப் திறந்தே இருக்காது, அந்தக் கடிதப் பை இன்னும் கிளம்பியிருக்காது. மீதிப் பாதிதான் விவகாரம். ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: ‘மூன்றாம் லிஃப்ட், கதவு சென்சார் மாற்றணும்.’ காலை 11 மணிக்கு அடித்தளத்தில் அதை முடித்து டிக் அடிக்கிறீர்கள். 11:20-க்கு ஆபீஸில் யாரோ, உங்கள் கணக்கு திறந்திருக்கும் கம்ப்யூட்டரில், அதே வேலையின் தேதியை நாளைக்கு மாற்றுகிறார்கள். 12 மணிக்கு நீங்கள் மேலே வருகிறீர்கள். இப்போது சர்வரிடம் ஒரே வேலைக்கு இரண்டு கதை. சில ஆப்கள் டிக் தனி, தேதி தனி என்று பிரித்துப் பார்த்து இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். சில ஆப்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கடைசியாக மாற்றியது எதுவோ அந்த வேலையை முழுசாக எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். தேதி மாற்றம் கடைசியில் நடந்தது; ஆகவே வேலை முடியவில்லை. டிக் போயே போச்சு, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

இதில் கடிகாரமும் விளையாடும். வீட்டு டேப்லெட்டில் நேரத்தைக் கையால் வைத்திருந்து அது அரை மணி முன்னால் ஓடினால், அதில் செய்த பழைய மாற்றம் புதிய மாற்றம்போல வேஷம் போடும். எல்லாக் கருவியிலும் நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள், முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம். போன்தான் எஜமான் என்று முடிவு செய்யுங்கள். டிக் அடிப்பதும் தேதி மாற்றுவதும் போனில் மட்டும். கம்ப்யூட்டரில் புதிய வேலை சேர்க்கலாம், பார்க்கலாம்; ஏற்கெனவே இருக்கிற வேலையைத் தொடாதீர்கள். புதிய வேலை சேர்ப்பதில் மோதல் வராது, ஏனென்றால் மோதுவதற்கு இன்னொரு பிரதி இல்லை. கீழே இறங்குமுன் ஆப்பை ஒரு தடவை திறந்து, பட்டியல் புதிதாகும்வரை நில்லுங்கள். மேலே வந்ததும் மறுபடி திறந்து, சுற்றுகிற குறியோ மேகக் குறியோ அடங்கும்வரை திறந்தே வையுங்கள். அரை நிமிடம் போதும். அதற்குள் சமீபத்திய ஆப்கள் வரிசையிலிருந்து அதை மேலே தள்ளி மூடாதீர்கள். போன் வேகமாக ஓடும் என்று நினைத்து எல்லோரும் இதைச் செய்கிறார்கள். ஐபோனில் அப்படித் தள்ளிய ஆப்பை நீங்களாகத் திறக்கும்வரை அது பின்னணியில் எதையும் புதுப்பிக்காது.

ஒரே வேலைக்கு இரண்டு கருவியில் டிக் அடித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது, முடிந்தது முடிந்ததுதான். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்கள் தொழிலில் அது ஆபத்தானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திரும்பத் திரும்ப வரும் வேலைகள். ‘மாதாமாதம் 5-ஆம் தேதி, கைடு ரெயிலுக்கு எண்ணெய்’ என்று போட்டு வைத்திருப்பீர்கள். இப்படிப்பட்ட வேலைக்கு டிக் அடித்தால் அது முடிந்துபோவதில்லை. தேதி அடுத்த மாதத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். மார்ச் 5-ஆம் தேதி அடித்தளத்தில் போனில் டிக் அடிக்கிறீர்கள். போனுக்குள் அது ஏப்ரல் 5-க்குப் போய்விட்டது. சர்வருக்கு இன்னும் தெரியாது. மாலை வீட்டுக்கு வந்து டேப்லெட்டைப் பார்த்தால் மார்ச் 5 அப்படியே நிற்கிறது. ‘அட, இது முடிந்ததாச்சே’ என்று அங்கேயும் ஒரு டிக். இரவு இரண்டும் சர்வருக்குப் போகின்றன. சில ஆப்களில் முதல் டிக்குக்கு மார்ச் ஏப்ரலாகும், இரண்டாவது டிக்குக்கு ஏப்ரல் மே ஆகும். ஏப்ரல் மாத எண்ணெய் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விட்டது; சிவப்பு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒன்றுமில்லை.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. அடுத்த தேதியை எதிலிருந்து எண்ணுவது? குறித்த தேதியிலிருந்தா, நீங்கள் டிக் அடித்த தேதியிலிருந்தா? 5-ஆம் தேதி வேலையை 9-ஆம் தேதி முடித்தால் அடுத்தது 5-ஆ, 9-ஆ? டூடூயிஸ்ட் மாதிரி சில ஆப்களில் இரண்டுக்கும் வழி உண்டு. அதில் ‘எவ்ரி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும், போடாவிட்டால் குறித்த தேதியிலிருந்து. ஒரு ஆச்சரியக்குறியில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒளித்து வைத்தால் சாமானியன் எப்படிக் கண்டுபிடிப்பான்? பராமரிப்பு வேலைகளுக்குக் குறித்த தேதியே சரி. திரும்ப வரும் வேலைக்கு டிக் அடித்ததும், அடுத்த தேதி என்ன காட்டுகிறது என்று ஒரு பார்வை பாருங்கள். மாதம் தாவியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பாதுகாப்புச் சோதனை மாதிரி விட்டுப்போகவே கூடாத வேலைகளை ஆப்பை மட்டும் நம்பி விடாதீர்கள், லிஃப்ட் அறையில் தொங்கும் பதிவேடு இருக்கட்டும்.

ஆபீஸ் ப்ரௌசர் விஷயம். போன் ஆப் ஆஃப்லைனில் ஓடுவதால் அதே நிறுவனத்தின் வெப் பக்கமும் ஓடும் என்று நினைக்காதீர்கள். ‘ஆஃப்லைன் வசதி உண்டு’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும், எந்தக் கருவியில் என்பது எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். ப்ரௌசரில் நெட் போனபின் எழுதியதை எழுதாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். டேப்லெட் ஐபேடாக இருந்து அதிலும் சஃபாரி வழியாகப் பார்த்தால் இன்னும் மோசம்: ஏழு நாள் சஃபாரியைப் பயன்படுத்தியும் அந்தத் தளத்தை மட்டும் தொடாமல் இருந்தால், தளம் ஐபேடுக்குள் சேர்த்து வைத்ததைச் சஃபாரி துடைத்துவிடும். 2020 முதல் இப்படித்தான். டேப்லெட்டில் ஆப்பையே பயன்படுத்துங்கள்.

ஆப்பை அழித்து மறுபடி போட்டீர்கள் அல்லவா, அதில் இன்னொரு தொல்லை சேர்ந்திருக்கலாம். ஆண்ட்ராய்டு 14 முதல், புதிதாகப் போடும் பல ஆப்களுக்குக் குறித்த நிமிடத்தில் அலாரம் அடிக்கும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. செட்டிங்ஸில் ‘அலாரங்களும் நினைவூட்டல்களும்’ என்ற இடத்தில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்தும் ஆப்பை விடுவியுங்கள். அப்புறம், நீங்கள் கீழே இருக்கும்போது ஆபீஸில் யாராவது சேர்த்த நினைவூட்டல் உங்கள் போனில் அடிக்காது. போனுக்குத் தெரியாத வேலைக்கு அது எப்படி மணி அடிக்கும்?

சரி, வாழ்நாள் சந்தா ஆளுக்கு வருவோம். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: யாருடைய வாழ்நாள்? வுண்டர்லிஸ்ட் என்று ஒரு ஆப் இருந்தது, உலகமே கொண்டாடியது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6-ஆம் தேதி இழுத்து மூடியது. அதற்கு முன்னால் ஆஸ்ட்ரிட். 2013-இல் யாஹூ வாங்கியது, அதே ஆண்டில் மூடியது. பெரிய நிறுவனம் வாங்கிய ஆப்புக்கே இந்தக் கதி என்றால், நடுவில் நிற்பவர் தரும் வாழ்நாள் எத்தனை நாள்?

இந்த இடைத்தரகர்கள் விற்பதை நான் பார்த்தவரை மூன்று சரக்குதான். ஒன்று, பூட்டு உடைத்த ஆப். ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு கோப்பை அனுப்பி ‘இதைப் போட்டுக்கோங்க’ என்பார்கள். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு, பொதுக் கணக்கு. ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேருக்கு விற்பார்கள். உங்கள் பட்டியலை ஒன்பது பேர் படிக்கலாம், யாராவது ஒருவர் துடைத்தும் விடலாம். மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம்: அவர் ஒரு டீம் கணக்கு வைத்திருப்பார், அதில் உங்களை ஓர் உறுப்பினராகச் சேர்ப்பார். எல்லாம் சட்டப்படி நடப்பதுபோலவே இருக்கும், ரசீதுகூடக் கிடைக்கும். ஆனால் கணக்கின் சாவி அவரிடம். அவர் மாதப் பணம் கட்டாமல் விட்டாலோ உங்களை நீக்கினாலோ, அந்த டீமுக்குள் எழுதிய வேலைகள் உங்களுடையவை அல்ல. நிறுவனத்திடம் முறையிட்டால் ‘உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்’ என்பார்கள். நிர்வாகி யார்? அதே ஆள்! எந்தக் கட்டிடங்களின் லிஃப்ட் எப்போது பழுது, எந்தக் கதவு பூட்டாது என்றெல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கும். அதை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பீர்களா?

அதோடு, உங்கள் தேவைக்குக் காசே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் டூ டூ, கூகுள் டாஸ்க்ஸ், டிக்டிக், டூடூயிஸ்ட் ஆகிய எல்லாவற்றின் போன் ஆப்பும் இலவசமாகவே சிக்னல் இல்லாமல் ஓடும். இப்போது இருக்கும் ஆப்பையே மாற்ற வேண்டுமா என்பதை ஒரு சோதனை சொல்லிவிடும். ஏர்ப்ளேன் மோடு போடுங்கள். வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள், சில போன்களில் அது தனியாக விழித்திருக்கும். ஒரு வேலை சேருங்கள், ஒன்றுக்கு டிக் அடியுங்கள். ஆப்பை மூடித் திறந்து, இரண்டும் நிற்கின்றனவா என்று பாருங்கள். டிக் அடித்த அதே வேலையின் பெயரில் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தை மாற்றுங்கள். இப்போது போனை நெட்டுக்குக் கொண்டுவாருங்கள். டிக்கும் புதிய பெயரும் இரண்டுமே நின்றால் நல்ல ஆப், விடாதீர்கள். டிக் போய்விட்டால் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளே விடும் வாசலைப் பெரிதாகவும் வெளியே போகும் வாசலைக் குறுகலாகவும் கட்டுவது இவர்கள் வழக்கம். கூகுள் டாஸ்க்ஸில் அந்த வசதி ஆப்புக்குள் இல்லவே இல்லை, ‘டேக்அவுட்’ என்ற வேறொரு பக்கத்துக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

காணாமல் போன இரண்டு வேலைகளுக்காக டேப்லெட்டில் தேடிப் பயனில்லை. அவை போனை விட்டு வெளியே வந்ததே இல்லை. போனின் புகைப்படத் தொகுப்பில் அந்த நாளுக்குப் போங்கள். பழுதைப் பார்த்ததும் ஒரு படம் எடுத்திருப்பீர்கள், மேற்பார்வையாளருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜாவது போட்டிருப்பீர்கள். அதிலிருந்து எழுதி எடுங்கள்.