ஈ.சி.ஆர். கடலோர வீடு: கேளுங்கள், சொல்கிறேன்

வங்கிகளுக்காக வீடு, மனை மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கொட்டிவாக்கத்திலிருந்து கோவளம் வரை கடற்கரைப் பக்கம் 22 வருஷமாக டேப்பும் கையுமாக அலைகிறேன். தரகன் இல்லை, விற்க என்னிடம் எதுவும் கிடையாது. வக்கீலும் இல்லை, அதனால் பாகப் பிரிவினைச் சண்டைகளை இங்கே கொண்டு வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை இருக்கிறேன்.

துபாயிலிருந்து ஒருவர்: சார், பனையூர் பக்கம் 4 கிரவுண்ட், பீச் டச். தனிக் கடற்கரையோடு தருகிறார்கள். நல்ல டீலா?

தனிக் கடற்கரை என்று ஒன்று கிடையாது சார். மணல் அரசாங்கப் புறம்போக்கு. விற்பவருக்கே சொந்தமில்லாததை அவர் எப்படி உங்களுக்கு விற்பார்?

ஒரு கதை சொல்கிறேன். கானத்தூரைத் தாண்டி ஒரு பங்களாவுக்கு மதிப்பீடு போட ஒரு வங்கி அனுப்பியது. தாய்ப்பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை, பார்த்தேன்: வடக்கே இன்னார் மனை, தெற்கே இன்னார் தோப்பு, மேற்கே வண்டிப்பாதை, கிழக்கே சமுத்திரம். அவ்வளவுதான். எழுதியவருக்குச் சமுத்திரம் அசையாத எல்லை. புல வரைபடத்தை வைத்து மேற்குக் கல்லிலிருந்து டேப் பிடித்துக்கொண்டே போனோம். என் பையன் முழங்கால் தண்ணீரில் நிற்கிறான், கிழக்குக் கல் இன்னும் வரவில்லை. கல் கடலுக்குள் இருந்தது. உரிமையாளர் பட்டாவைக் காட்டி முழுப் பரப்புக்கும் மதிப்புப் போடச் சொன்னார். மீன் குடியிருக்கும் இடத்துக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

ஆகவே என் முதல் பாட்டு இதுதான், இன்று பல தடவை பாடுவேன்: கடலைப் பார்க்காதீர்கள், புல வரைபடத்தைப் பாருங்கள். அந்த வரைபடத்தின் (எஃப்.எம்.பி.) நகல் எடுத்து, சர்வேயரை வைத்துக் கிழக்குக் கல்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு விலை பேசுங்கள்.

வேளச்சேரி வாசகர்: சி.ஆர்.இசட். என்றால் 500 மீட்டரா, 200 மீட்டரா, 50 மீட்டரா? ஒவ்வொரு தரகரும் ஒவ்வொன்று சொல்கிறார்.

எல்லாரும் பாதி உண்மை சொல்கிறார்கள். சி.ஆர்.இசட். என்பது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்கான அறிவிக்கை முதலில் வந்தது 1991 பிப்ரவரி 19. பிறகு 2011, 2019 என்று இரண்டு முறை புதிதாக எழுதினார்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப் பக்கம் 500 மீட்டர் வரை இந்த விதிகளுக்குள் வரும். அதற்குள் எல்லாமே தடை என்று அர்த்தமில்லை.

ஏற்கெனவே நகரமாகிவிட்ட பகுதி இரண்டாம் வகை. அங்கே, இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப் பக்கமாக மட்டும் புதிதாகக் கட்டலாம். கடல் பக்கமாக முன்னால் போகக் கூடாது. கிராமப் பகுதி மூன்றாம் வகை. அங்கே முதல் 200 மீட்டர் கட்டுமானமில்லாப் பகுதி. 2019இல், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமங்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். ஆனால் அதற்கேற்ற கடலோர மேலாண்மை வரைபடம் முறைப்படி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தரகர் 50ஐச் சொல்வார், இந்த நிபந்தனையை விழுங்கிவிடுவார்.

இன்னொரு குழப்பம். நீலாங்கரை முதல் உத்தண்டி வரை 2011இல் மாநகராட்சிக்குள் வந்தன. ‘மாநகராட்சி ஆகிவிட்டது, அதனால் இரண்டாம் வகைதான்’ என்று அடித்துச் சொல்வார்கள். வகையைச் சொல்வது வரைபடம், வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை அல்ல. இதை நம்பாதவர்கள் கொச்சியில் மரடு கதையைப் பாருங்கள். ஏரிக்கரை அடுக்குமாடிகள், 300க்கும் மேற்பட்ட ஃபிளாட்டுகள். 2006இல் பஞ்சாயத்தே அனுமதி கொடுத்தது. ஊர் பின்னால் நகராட்சியாகவும் ஆனது. எங்கள் இடம் இரண்டாம் வகை என்று கட்டியவர்கள் வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்த காலத்து வரைபடத்தைப் பார்த்தது, மூன்றாம் வகை என்றது. 2019 மே மாதம் தீர்ப்பு, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். குடியிருந்தவர்களுக்கு இடைக்கால இழப்பீடு 25 லட்சம். அவர்களிடமும் பத்திரம் இருந்தது, வங்கிக் கடன் இருந்தது, வரி ரசீது இருந்தது.

உங்கள் புல எண் எந்த வகையில் விழுகிறது என்று அளந்து குறித்துத் தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. வீட்டு விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

ஒரு வாசகி: வாஸ்துப்படி கிழக்கே கடல் நல்லதா?

சென்னையில் வேறு எந்தப் பக்கம் கடல் வரும் அம்மா?

பெங்களூர்க்காரர்: பீச் ஃப்ரன்ட் வீட்டுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்? தனிக் கடற்கரை இருந்தால் மதிப்பு கூடுமா?

75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம், ரிசர்வ் வங்கி விதி. அந்த மதிப்பு என் போன்றவர்கள் போடுவது, நீங்கள் பேசி முடித்த விலை அல்ல. இரண்டாவது கேள்விக்கு முதல் பதிலைப் படியுங்கள்.

கட்டுமான மாணவர்: கடலோர வீடுகள் சீக்கிரம் பாழாகும் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

போன மாசம் அக்கரையில் ஒரு வீடு. வயது 14தான். இத்தாலியப் பளிங்கு, வாசலில் இரண்டு யானை. பால்கனிக்குக் கீழே போய் தூணை ஒரு ரூபாய்க் காசால் தட்டினேன். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். இன்னும் கொஞ்சம் தட்டினதும் உள்ளங்கை அளவு பூச்சு கையோடு வந்தது. உள்ளே வளையக் கம்பி பென்சில் முனை அளவுக்கு மெலிந்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருந்த கான்கிரீட் என் சுண்டு விரல் தடிமன்கூட இல்லை.

கடலோரத்துக்கு ஐ.எஸ். 456, அதாவது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை, என்ன சொல்கிறது? கடலோரச் சூழல் என்றால் எம்.30 கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர். உப்புத் தூறல் நேரடியாகப் படும் இடத்துக்கு எம்.35, 50 மில்லிமீட்டர். மேஸ்திரி நகரத்துக்குள் கட்டிப் பழகிய கையோடு எம்.20யும் 25 மில்லிமீட்டரும் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதைவிட மோசம், தளத்திலேயே போர் போட்டு அந்த உப்புத் தண்ணீரில் கலவை போட்டு, அதையே ஊற்றி நனைப்பது. கம்பிக்கு விஷத்தை ஊட்டி வளர்ப்பது மாதிரி. லாரித் தண்ணீர் வாங்குங்கள், அதையும் சோதித்து வாங்குங்கள்.

கைப்பிடிக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 போடாதீர்கள், 316 போடுங்கள். ஜன்னலுக்கு யு.பி.வி.சி. பிளாஸ்டிக் சட்டம். ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்து மாட்டாதீர்கள். ஊருக்குள் ஆர்.சி.சி. கட்டடத்துக்கு 60 வருஷ ஆயுள் போடுவோம். முதல் வரிசை வீட்டுக்கு 40க்கு மேல் போட எனக்குக் கை வருவதில்லை. பழைய பங்களா வாங்கப் போகிறவர்கள் ஹால் சோபாவில் உட்காராமல் கார் ஷெட் கூரையை அண்ணாந்து பாருங்கள். துருக்கறை கோடு கோடாகத் தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், கிளம்பி வந்துவிடுங்கள்.

திருவொற்றியூர் நண்பர்: எங்கள் பக்கம் கடலோர மனை மலிவு. ஏன் யாரும் சொல்வதில்லை?

மண் ஓட்டம்தான் காரணம். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகரும், வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் ஒரு சுவர் கட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை போனதும் இதனால்தான். புதுச்சேரியில் 1989இல் துறைமுகம் வந்த பிறகு ஊர்க் கடற்கரை காணாமல் போனதும் இதே கதை. எங்கே மனை பார்த்தாலும் தெற்கே திரும்பி, கல் கொட்டிய தடுப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த அரிப்பு உங்கள் வாசலில்.

ஓ.எம்.ஆர். வாசகர்: பக்கிங்காம் கால்வாய் ஓரம் ‘வாட்டர் ஃப்ரன்ட் வில்லா’ என்று விளம்பரம்...

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எதிரே இருக்கும் டீக்கடையில் கேளுங்கள். அலை ஏறும் கால்வாய்க்கும் கழிமுகத்துக்கும் சி.ஆர்.இசட். உண்டு, மறக்க வேண்டாம்.

ஒரு குப்பத்திலிருந்து தம்பி: அண்ணே, எல்லாம் வாங்குறவங்களுக்கே சொல்றீங்க. எங்க ஊர்ல படகு இறக்குற பாதையில ஒரு பங்களாக்காரர் கேட் போட்டுட்டார். சுத்திப் போனா அரை கிலோமீட்டர். மீன் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு எங்க அம்மா நடக்குறாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?

நியாயமான கேள்வி தம்பி. கிராம வரைபடத்தில் அந்தப் பாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதை என்று குறித்திருந்தால் கேட் ஆக்கிரமிப்பு. தாசில்தாரிடம் மனுவோடு வரைபட நகலை இணைத்துக் கொடுங்கள். வெறும் மனு கொடுத்தால் ஓடிக்கொண்டே இருப்பீர்கள்.

பங்களா உரிமையாளர் ஒருவர்: ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறீர்கள். கோடிகள் போட்டு வாங்கியிருக்கிறோம். பாதுகாப்பு வேண்டாமா? கரையைச் சுத்தமாக வைத்திருப்பதே நாங்கள்தான். இவர்கள் வலையையும் கருவாட்டையும் காயப் போடுகிறார்கள்.

சார், வலை காயப் போடத்தான் அந்த மணல் இருக்கிறது. உங்கள் வீடு வருவதற்கு முன்னால் அங்கே கரைவலை இழுத்தார்கள். உங்கள் பாதுகாப்பு உங்கள் எல்லைக் கல்லோடு முடிகிறது. ஓய்வு விடுதிகளுக்கே 2011 அறிவிக்கையில் தெளிவாக இருக்கிறது: இரண்டு விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடற்கரைக்குப் போக 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். வீட்டுக்கு அந்தக் கணக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஊர்ப் பாதையில் கேட் போடலாம் என்று ஆகாது.

அதே உரிமையாளர்: கேட்டுக்கு இந்தப் பக்கம் என் பட்டா நிலம்.

எஃப்.எம்.பி. பார்த்தீர்களா?

அதே உரிமையாளர்: விற்றவர் கம்பி வேலி காட்டினார். அதுதான் எல்லை.

அப்படியானால் பார்க்கவில்லை.

குப்பத்துத் தம்பி: அந்த வேலி நான் ஸ்கூல் படிக்கும்போது இருபது அடி மேற்கே இருந்துச்சு அண்ணே. வருஷா வருஷம் நகருது. கடல் உள்ள வருது, வேலி வெளிய போகுது.

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. உரிமையாளர் சார், கோபம் வேண்டாம். அளந்து பாருங்கள். நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று நான் சொல்லவில்லை, உங்களை யாரோ ஏமாற்றியிருக்கலாம். வேலியை நம்பி விலை கொடுத்திருந்தால், அந்தக் கூடுதல் மணலுக்கும் சேர்த்துப் பணம் போயிருக்கிறது.

இன்னொருவர்: அதே மணலில் ஃப்ளட் லைட் போடலாமா, ராத்திரி பார்க்க அழகாக இருக்கும்?

வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை ஏறி முட்டையிடும் கரை இது. பொரிந்த குஞ்சு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து உங்கள் புல்தரைக்கு வரும், காலையில் காக்கா தின்னும்.

முகப்பேர் வாசகர்: முதலீடாக வாங்கலாமா? விலை ஏறுமா?

நிலம் ஏறும், கட்டடம் இறங்கும், கடலோரத்தில் வேகமாக இறங்கும். முதல் வரிசையில் விற்பவர் சொல்லும் விலை ஒன்று, பதிவாகும் விலை ஒன்று. வாங்கும் சக்தி உள்ளவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் பட்டியலில் மூன்று வருஷமாக அதே பங்களா, மூன்று வங்கிக்கு மூன்று மதிப்பீடு, இன்னும் விற்கவில்லை. பதிவுச் செலவையும் கணக்கில் வையுங்கள்: 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 2, ஆக 9 சதவீதம். குடியிருக்க ஆசை என்றால் சாலைக்கு மேற்கே மூன்றாவது தெருவில் வாங்குங்கள். காற்று வரும், துரு குறையும், தூக்கமும் வரும்.

மதுரைக்காரர்: தனிக் கடற்கரை உள்ள வீட்டுக்கு...

இல்லை.

சிங்கப்பூர் வாசகர்: பீச் டச் மனையில் போர் போட்டு நீச்சல் குளம்...

உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை. அங்கே வசிக்கும் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நீங்கள் மோட்டார் போட்டால் உப்பு மேலே வரும், உங்களுக்கு மட்டுமல்ல, குப்பத்துக் கிணற்றுக்கும்.

துபாய் வாசகர் மறுபடி: சார், கோபப்படாதீங்க. போன வாரமே 10 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். இப்ப என்ன செய்ய?

காலையிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே. சரி. பணம் வங்கி வழியாகப் போனதா? ஒப்பந்தத்தில் ‘சர்வே செய்து பரப்பு சரிபார்த்த பிறகே கிரயம்’ என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் பாக்கிப் பணம் ஒரு பைசா கொடுக்காமல், அந்த வரியைச் சேர்த்து மறு ஒப்பந்தம் எழுதச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் தம்பியோ மச்சானோ யாரையாவது புல எண்ணோடு தாலுகா ஆபீசுக்கு அனுப்பி எஃப்.எம்.பி. நகல் வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் சர்வேயரோடு மனைக்குப் போகட்டும். கிழக்குக் கல் மேல் கை வைத்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவில் வேட்டி நனைந்திருந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.