டெவ் கண்டெய்னரில் (கோடு எழுதவும் ஓட்டவும் டாக்கரில் அமைக்கும் தனிச் சூழல்) ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஓடுகிறது. ஒன்றை அழித்துவிட்டால் போதுமா?

போதாது. அழிப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமை இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ரெப்போவின் (ப்ராஜெக்ட்டின் கோப்புகள் இருக்கும் கிட் களஞ்சியம்) மேல்மட்டத்தில், சர்வரைத் தொடங்கும் ஒரு ஸ்டார்ட் ஸ்கிரிப்ட். டெவ்கண்டெய்னர் ஃபோல்டருக்குள் கிட்டத்தட்ட அதே வரிகளோடு இன்னொன்று. கண்டெய்னர் எழும்போது இரண்டும் ஓடுகின்றன. சில நேரம் சர்வர் ஒழுங்காக வருகிறது, சில நேரம் "போர்ட் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது" என்று விழுகிறது. டீமில் யாரோ ஒருவர் "ஒன்றைத் தூக்கிவிடு" என்று சொல்லியிருப்பார். எதைத் தூக்குவது என்று தெரியாமல் இங்கே கேட்கிறீர்கள். நிலைமை வேறாக இருந்தாலும் கீழே எழுதியிருப்பதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை ஓடுவது ஸ்கிரிப்ட்தானா, அல்லது உங்கள் ஆப்பா? ஜாங்கோ என்ற பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்கின் ரன்சர்வர், கோப்பு மாற்றங்களைக் கவனிக்க ஒரு ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), ஆப்பை ஓட்ட இன்னொரு ப்ராசஸும் வைத்துக்கொள்ளும். ஃபிளாஸ்க் என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கை டீபக் முறையில் ஓட்டினாலும் இதே கதைதான். ஆப்பின் தொடக்கத்தில் ஒரு பிரின்ட் போட்டால் அது இரண்டு முறை வரும். அதில் தவறு எதுவும் இல்லை. நோ-ரீலோட் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். அப்போது ஒரு முறைதான் வருகிறது என்றால் உங்கள் ஸ்கிரிப்ட்டுகளில் கை வைக்காதீர்கள்.

இல்லை, ஸ்கிரிப்ட்தான் இரண்டு முறை ஓடுகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள். இதே சிக்கலை என் பழைய டீமில் வேரோடு எடுத்தது நான். அந்த வேலையைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு.

நான் அந்த டீமில் சேர்ந்தபோதே இதற்கு மூன்று வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. ஒருவர் இரண்டாவது ஸ்கிரிப்ட்டின் தலையில் ஸ்லீப் போட்டிருந்தார். முதலாவது முடியும்வரை இது காத்திருக்கட்டும் என்பது கணக்கு. வேகமான கணினியில் அது வேலை செய்தது, மெதுவான கணினியில் செய்யவில்லை. இன்னொருவர் சர்வரைத் தொடங்கும் முன் பழைய நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) ப்ராசஸ்களையெல்லாம் பெயரை வைத்துக் கொல்லும் வரியைச் சேர்த்திருந்தார். விஎஸ் கோட் எடிட்டர் கண்டெய்னருக்குள் வைக்கும் சர்வரும் நோட்டில்தான் ஓடுகிறது. அதனால் அந்த வரி ஓடியபோதெல்லாம் எடிட்டரின் இணைப்பே அறுந்தது. பல மாதங்களாக எல்லோரும் அதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வைத்தியம் பூட்டுக் கோப்பு. டெம்ப் ஃபோல்டரில் ஒரு கோப்பு இருந்தால் ஸ்கிரிப்ட் ஓடாமல் திரும்பிவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்டெய்னரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் அதன் எழுதும் லேயர் (ஓடும்போது எழுதிய கோப்புகள்) அப்படியே இருக்கும், டெம்ப் ஃபோல்டரைத் தனியாக மெமரியில் மவுன்ட் செய்திருந்தால் ஒழிய. கோப்பு மிச்சமிருக்கும், ப்ராசஸ் இருக்காது. இரண்டு சர்வர் என்ற நோய் போய், சர்வரே இல்லை என்ற நோய் வந்தது. பூட்டு வேண்டுமென்றால் எஃப்லாக் கமாண்ட் மாதிரி, ப்ராசஸ் செத்ததும் இயங்குதளத்தின் கர்னலே விடுவித்துவிடும் பூட்டாக இருக்க வேண்டும். அதுவுமே வலியைக் குறைக்கும் மாத்திரைதான், நோய்க்கு மருந்து அல்ல.

நான் செய்த முதல் காரியம் எதையும் திருத்தாமல் இருந்தது. இரண்டு ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலும் ஒரு பதிவு எழுத வைத்தேன். நேரம், ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதை, அதன் ப்ராசஸ் எண், அதை அழைத்த தாய் ப்ராசஸின் எண், ஓடும் ப்ராசஸ்களின் விவரம் கிடைக்கும் ப்ராக் கோப்பமைப்பிலிருந்து அந்தத் தாயின் கமாண்ட் வரி. இவ்வளவுதான். இதைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தாய் எண்களைப் பிடித்து மேலே போகும்போது 1 வந்தால், அழைத்தது கண்டெய்னர் எழும்போது முதலில் ஓடும் என்ட்ரிபாயின்ட் அல்லது அதற்குக் கொடுத்த கமாண்ட். 1 வராமலே 0 வந்துவிட்டால், அது டாக்கர் எக்ஸெக் (ஓடும் கண்டெய்னருக்குள் கமாண்ட் ஓட்டும் வழி) வழியாக வெளியிலிருந்து வந்தது. எடிட்டரோ, யாரோ ஒருவர் டெர்மினலில் அடித்ததோ. ஊகமே தேவையில்லை, எண் சொல்லிவிடும்.

எங்கள் பதிவில் இரண்டு வழியும் தெரிந்தது. ஒன்று டாக்கர்ஃபைலில் (கண்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜைக் கட்டும் குறிப்பு) எழுதிய கமாண்டிலிருந்து. இன்னொன்று டெவ்கண்டெய்னர் ஜேசன் என்ற அமைப்புக் கோப்பில் இருந்த, கண்டெய்னர் தொடங்கியதும் ஓடும் போஸ்ட்-ஸ்டார்ட் கமாண்டிலிருந்து. இரண்டுமே வெகுகாலமாக அங்கே இருந்தவை. பிறகு ஏன் திடீரென்று தொல்லை? இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

டெவ்கண்டெய்னரில் ஓவர்ரைட்-கமாண்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நேரடியாக இமேஜையோ டாக்கர்ஃபைலையோ காட்டினால், எதுவும் எழுதாதபோது அதன் மதிப்பு ட்ரூ. அதாவது உங்கள் கமாண்டை ஒதுக்கிவிட்டு, கண்டெய்னர் சாகாமல் வெறுமனே விழித்திருக்க ஒரு சுற்றை ஓட்டும். கம்போஸ் கோப்பைக் (பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் குறிப்பு) காட்டினால் அதே அமைப்பின் இயல்பு மதிப்பு ஃபால்ஸ். உங்கள் கமாண்ட் நிஜமாகவே ஓடும். எங்கள் டீம் ஆரம்பத்தில் டாக்கர்ஃபைலை மட்டும் வைத்திருந்தது. அதில் எழுதிய கமாண்ட் எடிட்டர் வழியாக வரும்போது ஓடவே இல்லை. அதனால்தான் யாரோ போஸ்ட்-ஸ்டார்ட்டில் சர்வரைத் தொடங்க வைத்திருந்தார்கள். நியாயமான முடிவு. பிறகு டேட்டாபேஸைச் சேர்க்க கம்போஸுக்கு மாறினார்கள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கமாண்ட் அன்று எழுந்தது. ஒருவரும் ஸ்கிரிப்ட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, ஆனாலும் இரண்டு சர்வர்.

"ஒன்றை அழித்துவிடு" என்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். போஸ்ட்-ஸ்டார்ட்டை அழித்தால் எடிட்டரில் வேலை செய்பவர்களுக்குச் சரியாகிவிடும். கமாண்டை அழித்தால் எடிட்டர் இல்லாமல் கம்போஸை மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஒன்றுமே எழாது. அதுவும் தவிர, இரண்டு ஸ்கிரிப்ட்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒரே ஸ்கிரிப்ட் அல்ல. வரிக்கு வரி ஒப்பிட்டபோது டெவ்கண்டெய்னர் நகலில் மட்டும் மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை உருவாக்கி மாற்றும் வரி) இருந்தது, மேல்மட்டத்தில் இருந்ததில் மட்டும் என்விரான்மென்ட் கோப்பைச் சோதிக்கும் வரி இருந்தது.

நகல் பிறந்த காரணத்தைத் தோண்டியபோது இன்னொன்று தெரிந்தது. விண்டோஸில் வேலை செய்த ஒருவருக்கு மூல ஸ்கிரிப்ட் ஓடவில்லை. கிட் வரி முடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றிவிட்டதால் முதல் வரியில் இருந்த ஷெல் பாதையின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது. கோப்பு கண்முன் இருக்கும்போதே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பிழை வரும். பாவம், அவர் ஒரு நகலெடுத்துச் சரியான வரி முடிவோடு சேமித்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கிட்-அட்ரிப்யூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்ட்டுகளுக்கு எல்எஃப் (லினக்ஸ் முறை வரி முடிவு) என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நகலே பிறந்திருக்காது.

இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நகலைச் சேர்த்த கமிட்டின் செய்தி "ஃபிக்ஸ்". அடுத்ததும் "ஃபிக்ஸ்". அதற்கடுத்தது "ஃபைனல் ஃபிக்ஸ்". எதை, ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. நம் துறையில் கோட் ரிவ்யூ என்ற பெயரில் மாறிப் பெயர்களுக்கும் இடைவெளிகளுக்கும் மணிக்கணக்கில் சண்டை போடுகிறோம், ஆனால் கமிட் செய்தியை எவரும் படித்துப் பார்த்து "இது புரியவில்லை, திருத்து" என்று திருப்பி அனுப்புவதில்லை. கோடு என்ன செய்கிறது என்பதை கோடே சொல்லிவிடும். ஏன் எழுதப்பட்டது என்பதை எழுதியவர் மட்டுமே சொல்ல முடியும், அவரும் ஒருநாள் வேலை மாறிப் போய்விடுவார். "விண்டோஸில் வரி முடிவு பிரச்சினை, அதற்காக நகல்" என்று ஒரே ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகியிருக்காது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும். ஆனாலும் இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, தீர்வுக்கு வருகிறேன். இரண்டு ஸ்கிரிப்ட்டின் வரிகளையும் ஒன்றாகக் கொட்டி, ஒவ்வொரு வரியிடமும் "நீ எப்போது ஓட வேண்டும்?" என்று கேட்டேன். சிஸ்டம் பேக்கேஜ் நிறுவுவது இமேஜ் கட்டும்போது; அது டாக்கர்ஃபைலுக்குப் போனது. ப்ராஜெக்ட்டின் சார்புநிலைகளை நிறுவுவதற்கு சோர்ஸ் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால் கண்டெய்னர் உருவான பின் ஓடும் போஸ்ட்-கிரியேட்டுக்குப் போனது. போஸ்ட்-ஸ்டார்ட் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஓடும். போஸ்ட்-அட்டாச் எடிட்டர் ஒவ்வொரு முறை இணையும்போதும் ஓடும். ஜன்னலை மூடித் திறந்தாலே மறுபடி ஓடும் என்பதால் சர்வர் தொடங்கும் வரியை அங்கே வைக்கவே கூடாது.

என்னை நிரம்ப யோசிக்க வைத்தது மாதிரித் தரவு ஏற்றும் வரிதான். "ஒருமுறை ஓடினால் போதும்" என்று எல்லோரும் சொன்னார்கள். எதற்கு ஒருமுறை? போஸ்ட்-கிரியேட் ஒரு கண்டெய்னருக்கு ஒருமுறை ஓடும். ஆனால் தரவு இருப்பது வால்யூமில் (கண்டெய்னர் போனாலும் நிலைத்திருக்கும் தனிச் சேமிப்பு). கம்போஸ் டவுன் கொடுத்தால் கண்டெய்னர் போகும், பெயரிட்ட வால்யூம் போகாது. அதற்குத் தனியாக வி ஆப்ஷன் கொடுக்க வேண்டும். ஆக கண்டெய்னரை மறுபடி கட்டும்போதெல்லாம் பழைய தரவின் மேலேயே புதிதாக ஏறி, ஒவ்வொரு மாதிரி வாடிக்கையாளரும் இரட்டையாக நின்றார். இரட்டை ஸ்கிரிப்ட்டை ஒழித்த பிறகும் இது மட்டும் போகவில்லை, ஏனென்றால் இதற்கு வேர் வேறு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இமேஜில் இதற்கென்றே ஒரு இனிட்-டிபி ஃபோல்டர் உண்டு. தரவு ஃபோல்டர் காலியாக இருந்தால் மட்டுமே அதிலுள்ளவை ஓடும், வால்யூமுக்கு ஒருமுறை என்பது அங்கே தானாகவே அமைந்துவிடும். ஆனால் டேபிள்களை உருவாக்குவது எங்கள் மைக்ரேஷன். அது பிறகுதான் ஓடும். அதனால் அந்த வழி எங்களுக்குச் சரிவரவில்லை. டேபிளின் மின்னஞ்சல் நெடுவரிசையில் யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது) வைத்து, தரவைச் சேர்க்கும் இன்சர்ட்டில் "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்" (மோதினால் ஒன்றும் செய்யாதே) சேர்த்தேன். இப்போது அது எத்தனை முறை ஓடினாலும் கவலையில்லை.

சர்வருக்கு ஒரே வீடு: கம்போஸில் கமாண்ட். அங்கே மிஞ்சிய ஒரே ஸ்கிரிப்ட் என்விரான்மென்ட்டைச் சோதித்து, மைக்ரேஷனை ஓட்டி, கடைசி வரியில் ஷெல்லின் எக்ஸெக் (முன்பு சொன்ன டாக்கர் எக்ஸெக் அல்ல) போட்டு சர்வருக்கு இடத்தை விட்டுக்கொடுக்கும். அந்த எக்ஸெக்கை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஷெல்தான் ப்ராசஸ் 1 ஆக உட்கார்ந்திருக்கும், நிறுத்தச் சொல்லி வரும் சிக்டெர்ம் சிக்னல் சர்வருக்குப் போகாது. டாக்கர் 10 விநாடி காத்திருந்து கொன்றுவிடும், வெளியேறும் எண் 137 என்று வரும். டேட்டாபேஸ் தயாராகும்வரை காத்திருக்க ஸ்லீப் வேண்டாம். டேட்டாபேஸுக்கு ஒரு ஹெல்த்செக் (தயாரா என்று பார்க்கும் சோதனை) எழுதி, டிபென்ட்ஸ்-ஆன் பகுதியில் சர்வீஸ்-ஹெல்தி நிபந்தனை கொடுத்தால் போதும்.

இவ்வளவு தேவையா, சின்ன ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பூட்டு போட்டால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் வேலை செய்யும் ப்ராஜெக்ட் என்றால் ஆகும், நான் சண்டைக்கு வரவில்லை. சர்வரைக் கையால் தொடங்குவதே எங்களுக்குப் பிடிக்கும் என்பவர்கள் கமாண்டில் ஸ்லீப் இன்ஃபினிட்டி (முடிவில்லாமல் சும்மா காத்திருப்பது) வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஒழுங்கான வழியே. தொடங்கும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும், அது எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்குப் பிடிவாதம் இல்லை.

பதிவில் தாய் ப்ராசஸ் பாஷ் என்று வந்தால், பாஷ் ஷெல் தொடங்கும்போது தானாக ஓடும் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து பாருங்கள். யாராவது அங்கே ஒரு வரியை ஒட்டியிருப்பார்கள். விஎஸ் கோட் என்விரான்மென்ட்டைத் தெரிந்துகொள்ள இயல்பாகவே ஒரு லாகின் ஷெல்லை ஊடாடும் முறையில் ஓட்டிப் பார்க்கும். நீங்கள் டெர்மினலே திறக்காதபோதும் அந்த வரி ஓடிவிடும்.

அழிக்கும் வேலைக்கு வரும்போது, ரெப்போவில் அழித்ததோடு நிற்காதீர்கள். டாக்கர்ஃபைலில் காப்பி வரி இருந்தால் பழைய இமேஜுக்குள் ஒரு பிரதி இருக்கும், பில்ட் ஆப்ஷனோடு மறுபடி கட்டினால்தான் அது போகும். ஹோம் ஃபோல்டரை வால்யூமாக மவுன்ட் செய்திருந்தால் பாஷ்ஆர்சியில் ஒட்டிய வரி அதற்கும் தப்பி அங்கேயே இருக்கும். அதைக் கையால்தான் நீக்க வேண்டும்.